மூன்றாம் அத்தியாயத்தில் அம்மா

மூன்றாம் அத்தியாயத்தில் நிறஞ்சனா அம்மாவைச் சாகடித்தாள்.

அதில் அவளுக்கு விருப்பமொன்றும் இருக்கவில்லை. வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான். கதையில் வரும் சிறுமியின் பெயர் அனோஜா. முதல் இரண்டு அத்தியாயங்களிலும் அனோஜா கடற்கரைக்குப் போனாள், இத்தாலியில் இருக்கும் தகப்பனை நினைத்தாள், பள்ளிக்கூடம் போனாள், திரும்பவும் தகப்பனை நினைத்தாள். நினைத்துக்கொண்டே இருந்தால் தகப்பன் வந்துவிடுவாரா? ஒரு மனிதர் இத்தாலியிலிருந்து பிளேன் ஏறி முல்லைத்தீவுக் கரைக்கு வந்து சேருவதென்றால் அதற்கொரு காரணம் வேண்டும். கலியாணத்துக்கு வருவார்கள். கோயில் பெருநாளுக்கு வருவார்கள். செத்தவீட்டுக்குக் கட்டாயம் வருவார்கள். கதையில் கலியாணம் கட்ட ஆளில்லை. பெருநாள் ஓகஸ்ட்டோடு முடிந்துவிட்டது. ஆகவே அனோஜாவின் அம்மாவுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் ஆள் முடிந்துபோனா.

எழுதி முடித்ததும் நிறஞ்சனா கொப்பியை மூடி, அலுமாரிக்குள் தன் உடுப்புகளுக்குக் கீழே வைத்துவிட்டு, குசினிக்குள் போய் உயிரோடிருந்த அம்மா தந்த தேத்தண்ணியைக் குடித்தாள்.

கார்த்திகை மாதம். வாடைக்காற்று தொடங்கிப் பத்து நாள். கடல் கலங்கி மண்ணிறமாய்ப் புரண்டுகொண்டிருந்தது. வள்ளங்கள் எல்லாம் தென்னைகளுக்குக் கிட்ட இழுத்து ஏற்றிக் கிடந்தன. பகலும் இரவும் ஒரே மழை. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த அந்த இரண்டு அறை வீட்டுக்குள் தொழிலில்லாத ஒரு ஆம்பிளை, காயாத கருவாட்டை வைத்துக்கொண்டு தவிக்கும் ஒரு பெண், எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை. மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தடக்குப்பட்டுக்கொண்டு இருந்தார்கள்.

அந்த ஆம்பிளைதான் யோசெப். ஊர் அளம்பில். மனைவி புற்றுநோய் வந்து செத்து ஆறு வருடம்; பிள்ளைகள் இல்லை. ஒரு பைபர் வள்ளமும் எந்நேரமும் மக்கர் பண்ணும் ஒரு எஞ்சினும் சொந்தம். நிறஞ்சனாவின் அம்மா புனிதமலர் கருவாடு போடுகிறவள் என்பதால் இரண்டு வருடமாய் அவளுக்கு மீன் கொண்டுவந்து கொடுத்தவர். ஈஸ்டர் முடிந்த கிழமை ஒரு பையையும் இரண்டு சிப்பம் வலையையும் கொண்டுவந்து விறாந்தையில் வைத்தார். "யோசெப்பு இனி இஞ்சைதான் இருப்பார்," என்று அம்மா சொன்னாள். மகளுக்குச் சொன்ன விளக்கம் அவ்வளவுதான்.

அப்பா இத்தாலியில் உயிரோடு இருக்கிறபடியால் கோயிலில் கலியாணம் இல்லை. அதற்குப் பிறகு அம்மா பூசைக்குப் போனால் பின்வரிசையில்தான் இருப்பாள். நற்கருணையான நன்மை எடுக்க எல்லோரும் எழும்பி முன்னுக்குப் போகும்போது நிறஞ்சனா தனியே போவாள். போகும்போதும் வரும்போதும் முதுகு முழுக்கக் கண்கள் ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும்.

"சித்தப்பா எண்டு கூப்பிடு," என்று அம்மா சொல்லியிருந்தாள். அவள் கூப்பிடவில்லை. சாப்பாட்டு நேரம் விறாந்தைக் கதவில் நின்று மழையைப் பார்த்துச் சொல்லுவாள்:

"சாப்பிட வரட்டாம்."

"ஆர், நானோ?" என்று யோசெப் கேட்பார்.

"ஓமாம்."

அந்த விறாந்தையால்தான் அவளுக்குக் கோபம். விறாந்தையின் மூலையில் பழைய மீன்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதில்தான் அவள் இவ்வளவு காலமும் படித்தாள், எழுதினாள். இப்போது அங்கே யோசெப் காலை நீட்டிக்கொண்டு, பெருவிரலில் வலையைக் கொழுவி, கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். கரகரவென்று தொண்டையைச் செருமுவார். வானிலைச் செய்தியைப் போனில் சத்தமாய்ப் போடுவார். இந்தியாவின் இழுவைப் படகுகள் அறுத்துவிட்டுப் போன வலையைத் தூக்கிக் காட்டி, "பார் பிள்ளை, பார், இதுக்குள்ளாலை நீயே பூந்து போகலாம்," என்பார். அவள் பார்க்கமாட்டாள். கொப்பியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய், ஈர விறகின் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுதுவாள்.

கதை எழுதச் சொன்னது தமிழ் படிப்பிக்கிற தயாளினி ரீச்சர். வவுனியாவில் ஒரு இலக்கிய வட்டம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சிறுவர் நாவல் போட்டி வைத்திருந்தது. எட்டு அத்தியாயம், கையெழுத்துப் பிரதி, கார்த்திகை இருபத்தெட்டுக்குள் அனுப்பவேண்டும். வகுப்பில் நிறஞ்சனாவின் கட்டுரைகளைத்தான் ரீச்சர் வாசித்துக் காட்டுவது வழக்கம். அவளைக் கூப்பிட்டு தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியும் கொடுத்தா.

முதல் இரண்டு அத்தியாயங்களையும் வாசித்துவிட்டு ரீச்சர் சிவப்புப் பேனையால் எழுபது இடத்தில் வட்டம் போட்டிருந்தா.

"'எண்டு' எண்டு எழுதக்கூடாது நிறஞ்சனா. 'என்று.'"

"அவை அப்பிடித்தானே கதைக்கினம் ரீச்சர்."

"கதைக்கிறது வேறை, எழுதுறது வேறை. பிறகு, இதென்ன, பக்கத்துக்குப் பக்கம் கருவாட்டு மணம்? வாசிக்கிறவைக்கு ஒரு மாதிரி இருக்குமெல்லே."

"எங்கடை வீட்டிலை மணக்கிறதுதானே ரீச்சர்."

"உன்ரை வீட்டைப் பற்றியோ எழுதுறாய்?"

நிறஞ்சனா கொப்பியின் மூலையை மடித்தாள். ரீச்சர் குரலைத் தாழ்த்தினா.

"இஞ்சை பார். சிறுவர் நாவல் எண்டால் கடைசியிலை ஒரு நல்லது நடக்கவேணும். அனோஜா புது அப்பாவை மனசார ஏற்றுக்கொள்ளுறாள் எண்டு முடிச்சால் எவ்வளவு வடிவாயிருக்கும்?"

"என்ரை கதையிலை புது அப்பா இல்லை ரீச்சர்."

"இருந்தால் நல்லம்," என்றா ரீச்சர்.

பள்ளிக்கூடத்திலிருந்து வீடுவரை, முட்டிக்கால் தண்ணீரில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும்போது நிறஞ்சனாவுக்குப் பத்திக்கொண்டு வந்தது. யோசெப் வீட்டில் இருப்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கதைக்குள்ளே ஒளித்துவைக்கலாமென்றால், அங்கேயும் அந்தாளுக்கு ஒரு கதிரை போடச் சொல்கிறார்கள்.

மூன்றாம் அத்தியாயத்தை அன்றைக்குத்தான் எழுதினாள்.

அடுத்த நாள் மத்தியானம் அறைக்கூரை ஒழுகத் தொடங்கியது. சரியாக அலுமாரிக்கு மேலே. நிறஞ்சனா பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அலுமாரியின் உடுப்புகள் முழுவதும் வீட்டுக்குள் கட்டிய கயிற்றில் தொங்கின. யோசெப் ஏணியில் ஏறி நின்று ஓட்டுக்குக் கீழே தகரத் துண்டொன்றைச் செருகிக்கொண்டிருந்தார். குசினியில் அடுப்புக்கு முன்னால் அம்மா குந்தியிருந்தாள். கையில் சீ.ஆர். கொப்பி. நனைந்த தாள்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்துச் சூட்டுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். உதடுகள் அசைந்தன.

"நிறஞ்சி, இஞ்சை வா."

"என்னம்மா?"

"நான் எத்தினையாம் திகதி செத்தனான்?"

நிறஞ்சனாவின் தோளிலிருந்து புத்தகப்பை வழுகியது.

"அது நீங்கள் இல்லை. அனோஜாவின்ரை அம்மா."

"அவளும் கருவாடுதான் போடுறாளாம். அவளுக்கும் இடது கையிலை சுடுதண்ணித் தழும்பாம். அவளும் சொதிக்குப் புளி கூட விடுறவளாம்."

"சும்மா எழுதினது."

"சும்மாவோ? அஞ்சு நாள் காய்ச்சலிலை கிடந்து இழுத்தெல்லே செத்திருக்கிறன். கொஞ்சம் கெதியா முடிச்சிருக்கக்கூடாதே?" அம்மாவின் குரல் உடைந்து, பிறகு ஏறியது. "உன்னை என்ன செய்தனான் எண்டு என்னைச் சாகடிச்சனி? சொல்லு. விடிய எழும்பி உப்புக்குள்ளை கையை விட்டு விட்டு என்ரை நகம் எல்லாம் வெளிறிப் போச்சு. ஆருக்காக?"

"அப்பா வாறதுக்கு."

"என்ன?"

"நீங்கள் செத்தால்தான் அப்பா வருவார். வேறை ஒண்டுக்கும் வரமாட்டார். அதுதான் எழுதினனான்."

ஏணி கிறீச்சிட்ட சத்தம் நின்றது. யோசெப் கேட்டுக்கொண்டிருந்திருக்கவேண்டும். அம்மா கொப்பியை மடியில் வைத்தாள்.

"அந்தாள் வராது பிள்ளை. நான் செத்தாலும் வராது. பெத்த தாய் செத்ததுக்கே வராத மனிசன்."

"அப்ப அவருக்கு லீவு கிடைக்கேல்லை."

"லீவு கிடைச்சது. டிக்கற்தான் போடேல்லை. எல்லாம் வெளியிலை வந்த பிறகுதான் எனக்கும் தெரியும், போன வருசம். அங்கை ஒரு பொம்பிளை இருக்கெண்டு தெரிஞ்ச பிறகு."

"எனக்கு முந்தியே தெரியும்."

"என்ன தெரியும் உனக்கு?"

நிறஞ்சனா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அப்பம்மாவின் சவப்பெட்டியை வீட்டு முற்றத்தில் வைத்திருந்த அன்று அப்பா வீடியோவில் வந்தார். போனைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குக் கிட்ட நின்றது அவள்தான். அப்போது பத்து வயது. ஃபாதர் செபம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அங்கே இத்தாலியில், அப்பாவுக்குப் பின்னால் ஒரு கை வந்து மேசையில் தேத்தண்ணி வைத்துவிட்டுப் போனது. சிவப்பு வளையல் போட்ட கை.

"அப்பா போனைத் திருப்பினவர். ஆனா நான் கண்டிட்டன்."

"கண்டும் எனக்குச் சொல்லேல்லை."

"சொன்னால் நீங்கள் சண்டை பிடிப்பியள். பிறகு அவர் போன் எடுக்கமாட்டார்."

அம்மா மகளை அணைத்துக்கொள்ளவில்லை. அழவுமில்லை. கொப்பியை அரிசிச் சாக்கின் மேலே எறிந்தாள்.

"ரெண்டு வருசம்," என்றாள். "ரெண்டு வருசம் அந்தாளுக்காக ஒவ்வொரு ஞாயிறும் தலை இழுத்துக் கட்டிக்கொண்டு போனுக்கு முன்னாலை இருந்திருக்கிறன். நீ பக்கத்திலை இருந்து பாத்துக்கொண்டு இருந்திருக்கிறாய்."

எழும்பி மழைக்குள் இறங்கிக் கடற்கரைப் பக்கமாய் நடந்தாள். யோசெப் ஏணியால் இறங்கினார். மூலையில் கிடந்த நீலத் தார்ப்பாய்ப் படங்கை எடுத்து, விரிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் போனார். கிட்டப் போகாமல் பத்தடி தள்ளியே போனார். அதைப் பார்க்க நிறஞ்சனாவுக்கு இன்னும் எரிச்சல் வந்தது. படங்கை அம்மாவிடமாவது கொடுக்கவேண்டும், அல்லது வீட்டில் நிற்கவேண்டும். இரண்டுமில்லாமல் ஒரு மனிதர் தானும் நனைந்துகொண்டு போனால் அவரை என்னவென்று எழுதுவது?

அதற்குப் பிறகு கதை நகரவில்லை. நாலாம் அத்தியாயம் என்று தலைப்பெழுதி அடிக்கோடும் போட்டுவிட்டு இருந்தாள். செத்தவீட்டுக்குத் தகப்பன் வருவதாக எழுதினாள். தகப்பனின் கையில் சிவப்பு வளையல் போட்ட கை ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. கிழித்தாள். தகப்பன் வரவில்லை என்று எழுதினாள். அனோஜா தனியாய் வீட்டில் இருந்தாள், சமைக்க ஆளில்லை, கதைக்க ஆளில்லை, அவளுக்குச் செய்வதற்கும் ஒன்றுமில்லை. அதையும் கிழித்தாள். கடைசியில், மூன்றாம் அத்தியாயத்தோடு நிற்கிற கொப்பியைத் தயாளினி ரீச்சர் கையில் வாங்கி வைத்துக்கொண்டா. "நான் ஒருக்கால் பாக்கிறன். நீ படிவத்திலை பெற்றோர்ட்டைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வா. நாளைக்குத் தபாலிலை போடவேணும்."

அன்று பின்னேரம் அவள் படிவத்தை அம்மாவிடம் நீட்டினாள். மூன்று நாளாய் இருவருக்கும் இடையில் அவசியமான பேச்சு மட்டும்தான். அம்மா புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள். படிவத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"செத்தவள் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?" என்றாள்.

நிறஞ்சனா விறாந்தைப் படியில் வந்து குந்தினாள். இதற்கு மேல் இனி என்ன? யோசெப் ஊசியை வலையில் குத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"நான் வைக்கட்டே பிள்ளை?"

அவள் படிவத்தை நீட்டவில்லை. வேண்டாமென்றும் சொல்லவில்லை. அவர் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு படிவத்தை வாங்கினார்.

"கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாது. என்னெண்டு கிடக்கு, வாசி."

"தாய், தந்தை, பாதுகாவலர். பொருத்தமற்றதை வெட்டிவிடவும்."

"அப்ப நான் எதை வெட்டுறது?"

மழை கூரைப் பீலியால் கொட்டியது.

"எனக்குத் தெரியாது," என்றாள் நிறஞ்சனா.

"எனக்கும்தான் தெரியாது. எங்கை போனாலும் உப்பிடித்தான் ஒரு கேள்வி வைச்சிருக்கிறாங்கள். நான் ஒண்டையும் வெட்டேல்லை. கையெழுத்து மட்டும் வைக்கிறன். நீ யோசிச்சுப் பாத்து வெட்டு."

எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினார். அவள் பேனையை வாங்கினாள். "தாய்" என்பதை வெட்டினாள். "தந்தை" என்பதில் பேனை நின்றது. வெட்டினால் அப்பாவை வெட்டியதாகும். வெட்டாவிட்டால் இவர் அப்பாவாகிவிடுவார். அவர் வலையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு, அவளைப் பார்க்காத மாதிரி மறுபக்கம் திரும்பியிருந்தார். அந்த மரியாதைகூட அவளுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. மூன்றையும் ஒரே இழுவையில் வெட்டினாள். பேனை முனை தாளைக் கிழித்துக்கொண்டு போனது.

"இதென்ன இது?" என்றா தயாளினி ரீச்சர் அடுத்த நாள். "எல்லாத்தையும் வெட்டினால் இவர் ஆர் உனக்கு? நல்ல காலம், என்னட்டை இன்னொரு படிவம் கிடக்கு. அதை விடு. இதைப் பார்."

ரீச்சர் கொப்பியைத் திறந்தா. நடுவில் கட்டுரைத் தாள்கள் ஆறேழு மடித்து வைக்கப்பட்டிருந்தன. மீதி ஐந்து அத்தியாயங்களையும் சுருக்கி ரீச்சரே எழுதி முடித்திருந்தா. நிறஞ்சனா நின்றபடியே வாசித்தாள். அனோஜாவின் அம்மா செத்து ஒரு வருடத்தில் ஊருக்கு ஒரு நல்ல மனிதர் வந்தார். அனோஜாவுக்குப் புத்தகங்கள் வாங்கிக் கொடுத்தார். கடைசித் தாளில், சூரியன் உதிக்கும்போது, அனோஜா ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்து "அப்பா!" என்று கூப்பிட்டாள். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. கருவாடு ஒரு இடத்திலும் இல்லை.

"பள்ளிக்கூடம் விட்ட பிறகு இருந்து உன்ரை எழுத்திலை பாத்து எழுதிப்போட்டுப் போ. நாலு மணிக்குத் தபால் கந்தோர் பூட்டுவினம்."

"எனக்கு வேண்டாம் ரீச்சர்."

"என்ன வேண்டாம்?"

"போட்டி."

"பரிசு கிடைக்கும் நிறஞ்சனா. எனக்குத் தெரியும் அவையள் என்னத்துக்குப் பரிசு குடுப்பினம் எண்டு. உனக்காக எத்தினை மணித்தியாலம் இருந்து எழுதினனான் தெரியுமே? உனக்கு என்னதான் வேணும்?"

"கொப்பி."

ரீச்சர் அவளை நிமிர்ந்து பார்த்தா. கோபமா கவலையா என்று தெரியாத பார்வை. தன் தாள்களை உருவி எடுத்துக்கொண்டு, கொப்பியை மேசையில் தள்ளிவிட்டா. "உங்களுக்கெல்லாம் நல்லது செய்ய வெளிக்கிட்டால் இப்பிடித்தான்," என்றா.

வீட்டுக்கு வந்தபோது அம்மா பின்கொட்டிலில் இருந்தாள். சாக்கை விரித்து, கெட்டுப்போன கருவாட்டைத் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கிழமை வெயில் காணாத சூடை, கீரி மீன்கள் பூசணம் பிடித்துக் கிடந்தன. சிலதில் புழு. நாற்றம் மூக்கில் அடித்தது. நிறஞ்சனா சட்டையைக்கூட மாற்றாமல் எதிரே குந்தினாள். நல்லதை வலப்பக்கமும் கெட்டதை இடப்பக்கமும் போட்டாள். இடப்பக்கம்தான் உயர்ந்துகொண்டு போனது.

"இண்டைக்கெல்லே கடைசி நாள். குடுத்திட்டியோ?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லை."

"ஏன்?"

"ரீச்சர் தானே ஒரு முடிவு எழுதி வைச்சிருந்தவா."

"என்னவாம் முடிவு?"

"எல்லாருக்கும் சந்தோசமாம்."

அம்மா மூக்கால் ஒரு சத்தம் போட்டாள்.

"மூண்டாம் அத்தியாயத்தைக் கிழிச்சுப்போட்டன்," என்றாள் நிறஞ்சனா.

அம்மாவின் கை நின்றது.

"அப்ப நான் உயிரோடை இருக்கிறனோ?"

"ஓம். ஆனா அதுக்குப் பிறகு என்ன நடக்குதெண்டு எனக்குத் தெரியேல்லை."

"நான் மட்டும் தெரிஞ்சுகொண்டே இருக்கிறன்?"

இருவரும் கருவாட்டைத் தெரிந்தெடுத்தார்கள். பிறகு நிறஞ்சனா கேட்டாள்:

"அப்பா வெளிக்கிட்டுப் போன அண்டைக்கு நீங்கள் என்ன செய்தனீங்கள்? எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை."

"நீ நித்திரை. உன்னை எழுப்ப வேண்டாமெண்டு அந்தாள் சொன்னது." அம்மா ஒரு கீரியை மோந்து பார்த்து இடப்பக்கம் போட்டாள். "விடியப்பறம் எயாப்போட்டுக்குக் கொண்டுபோக வான் வந்தது. சந்திமட்டும் கூடப் போய்ட்டு வந்தன். வரேக்கை கரைவலை இழுத்து முடிச்சிருக்கிறாங்கள். அண்டைக்குச் சூடை எண்டால் அப்பிடிச் சூடை, கரை முழுக்க வெள்ளி மாதிரி. உப்புப் போட ஆள் காணாது. நான் வீட்டை வராமல் அப்பிடியே போய்க் குந்தினனான். பத்து மணிமட்டும் உப்புப் போட்டன். கண்ணாலை தண்ணி ஓடுது, துடைக்கேலாது, கையெல்லாம் உப்பு. பக்கத்திலை விமலேஸ்வரி இருந்தவள். தன்ரை பாவாடை நுனியாலை என்ரை முகத்தைத் துடைச்சுவிட்டாள். மூக்கையும் சேர்த்து, சின்னப்பிள்ளைக்குத் துடைக்கிற மாதிரி. 'பிளேன் இப்ப ஏறியிருக்கும் அக்கா' எண்டாள். ஏறினால் ஏறட்டும், நீ உந்த உப்புச் சாக்கை இஞ்சாலை தள்ளு எண்டு சொன்னனான்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். நிறஞ்சனா புத்தகப்பையைத் திறந்து கொப்பியை எடுத்து மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். விரல்களிலிருந்த மீன்செதில் தாளில் ஒட்டியது.

"உதையெல்லாம் எழுதிப்போடாதை."

நிறஞ்சனா எழுதிக்கொண்டே இருந்தாள். அம்மா கெட்ட கருவாட்டைக் கூடைக்குள் அள்ளினாள். புதைக்கக் கிடங்கு வெட்டவேண்டும். மழையில் எங்கே வெட்டினாலும் தண்ணீர் ஊறும். கூடையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி வந்து அதை இறக்கி வைத்தாள்.

"எழுதிட்டியோ?"

"ஓம்."

"உப்புச் சாக்கும்?"

"ஓம்."

"வாசி, பாப்பம்."

நிறஞ்சனா வாசிக்கத் தொடங்கினாள். மூன்றாம் வரியிலேயே அம்மா மறித்தாள்.

"அண்டைக்கு நான் நீலச் சட்டை போடேல்லை. பச்சை. வடிவாக் கேட்டெழுது."

நிறஞ்சனா நீலத்தை வெட்டிவிட்டுப் பச்சை என்று எழுதினாள்.